ஏழு தலைகளுக்குத் தண்ணீர் வேண்டும்

பெய்ஜிங் நகரில் ஏழு வெண்கலத் தலைகள் இருக்கின்றன. எலியும் முயலும் தியானன்மென் சதுக்கத்தை ஒட்டிய தேசிய அருங்காட்சியகத்தில். எருது, புலி, குரங்கு, பன்றி நான்கும் பாலி என்ற அரசு நிறுவனத்தின் கலைக்கூடத்தில். குதிரை மட்டும் நகரின் வடமேற்கே, யுவான்மிங்யுவான் என்ற பழைய அரண்மனைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு கோயில் கட்டடத்தில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு முழ உயரம்தான். இந்த விலங்குகளின் வாய் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்த காலம் ஒன்று உண்டு. ஏழும் ஒரே நீரூற்றைச் சேர்ந்தவை. அந்த நீரூற்றுக்கு மொத்தம் பன்னிரண்டு தலைகள். டிராகன், பாம்பு, ஆடு, சேவல், நாய் ஆகிய ஐந்தும் இன்னும் திரும்பவில்லை.

இந்தத் தலைகளைப் பற்றி உலகம் பேசியதெல்லாம் யார் திருடினார்கள், யார் எவ்வளவுக்கு ஏலம் எடுத்தார்கள், யார் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதுதான். ஜாக்கி சான் இதை வைத்து 2012-இல் ஒரு படமே எடுத்தார். அந்தப் பேச்சு தேவையற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊர் திரும்பிய ஏழு தலைகளும் ஒரே நகரத்தில் மூன்று இடங்களில், கண்ணாடிக்குள், காய்ந்த வாயோடு நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. அவற்றை ஒன்றாகச் சேர்த்து, அவை நின்ற இடத்துக்கே கொண்டுபோக வேண்டும். அங்கே மறுபடியும் தண்ணீர் ஓட வேண்டும். ஓடுவது நகல் தலைகளின் வழியாக இருக்கட்டும், பரவாயில்லை. ஆனால் ஓட வேண்டும்.

நான் குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கலை வரலாறு முறையாகப் படித்தவள் அல்ல. நீரேற்று நிலையம், மேல்நிலைத் தொட்டி, வால்வு, குழாய் என்றே என் வேலைக்காலம் கழிந்தது. ஒரு நீரூற்றுச் சிற்பத்தைப் பார்த்தால் என் கண் முதலில் முகத்துக்குப் போகாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்றுதான் தேடும். அப்படித் தேடியபோது இந்த நீரூற்று எவ்வளவு பெரிய காரியம் என்பது புரிந்தது. அருங்காட்சியகப் பலகை அதில் கால்வாசியைக்கூடச் சொல்வதில்லை.

கதை 1747-இல் தொடங்குகிறது. சிங் வம்சத்துப் பேரரசர் சியான்லோங் ஐரோப்பிய நீரூற்று ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று தன் அரசவை ஓவியரிடம் கேட்கிறார். அந்த ஓவியர் ஜுசெப்பே காஸ்திலியோனே. மிலானில் பிறந்த ஏசு சபைத் துறவி. 1715-இல் சீனாவுக்கு வந்து, லாங் ஷிநிங் என்ற சீனப் பெயரோடு மூன்று பேரரசர்களுக்கு ஓவியம் தீட்டியவர். தண்ணீர் வேலை அவருக்குத் தெரியாது. பெய்ஜிங்கில் இருந்த இன்னொரு துறவியைக் கைகாட்டினார். பிரான்சின் திஜோன் நகரத்துக்காரரான மிஷேல் பெனுவா. கணிதமும் வானியலும் படித்தவர், நீரூற்று கட்டிப் பழக்கமில்லாதவர். பேரரசர் கேட்டுவிட்டார், மறுக்க முடியாது. புத்தகத்தையும் கணக்கையும் நம்பி இறங்கினார்.

தோட்டத்தின் ஒரு மூலையில் ஐரோப்பிய பாணி மாளிகைகள் எழுந்தன. அவற்றில் ஒன்று ஹய்யன்தாங். 1760-ஐ ஒட்டிக் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முகப்பில் ஒரு குளம். குளத்தின் இரு கரையிலும் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு உருவங்கள் அங்கி அணிந்து உட்கார்ந்திருந்தன. உடல் மனித உடல், கல்லில் செதுக்கியது. தலை விலங்கின் தலை, வெண்கலம். சீனர் ஒரு நாளைப் பன்னிரண்டு பொழுதுகளாகப் பிரித்தார்கள். ஒரு பொழுது இரண்டு மணி நேரம், நம் கணக்கில் ஐந்து நாழிகை. ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு விலங்கு. நள்ளிரவை ஒட்டிய பொழுது எலிக்கு, உச்சிப்பொழுது குதிரைக்கு. தன் பொழுது வந்ததும் அந்த விலங்கு மட்டும் குளத்துக்குள் தண்ணீரைப் பீய்ச்சும். ஐந்து நாழிகை கழிந்ததும் அது நின்று, அடுத்தது தொடங்கும். உச்சி வேளையில் பன்னிரண்டும் சேர்ந்து பீய்ச்சும். அதாவது இது கடிகாரம். தண்ணீரைப் பார்த்து மணி சொல்லலாம்.

இதைக் கேட்பவர்கள் அழகாக இருந்திருக்கும் என்பார்கள். எனக்கோ அந்த உச்சி வேளையை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

தண்ணீருக்கு உயரம்தான் பலம். பத்து மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் கீழே குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். குழாயில் ஓடத் தொடங்கியதும் நீளம், வளைவு, உள்சுவரின் சொரசொரப்பு எல்லாம் சேர்ந்து அந்த அழுத்தத்தைத் தின்னும். தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வாய் ஓங்கிப் பீய்ச்சும், தள்ளியிருக்கும் வாய் ஒழுகும். தெருக்குழாயில் முதல் வீட்டுக்குத் தண்ணீர் கொட்டி, கடைசி வீட்டுக்குச் சொட்டுவது போலத்தான். பன்னிரண்டு விலங்குகளும் ஒரே அளவாகப் பீய்ச்ச வேண்டுமென்றால் ஒவ்வொரு வாய்க்கும் முனையின் விட்டத்தைத் தனித்தனியாகக் கணக்குப் போட்டு வைக்க வேண்டும். சரி, அதையும் செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுவதும் ஒரு வாயில் மட்டும் ஓடும் தண்ணீர் உச்சி வேளையில் பன்னிரண்டு வாய்களில் ஓட வேண்டும். தொட்டியிலிருந்து இறங்கும் பொதுக்குழாயில் ஓட்டம் பன்னிரண்டு மடங்கு ஆகிறது. ஓட்டம் பன்னிரண்டு மடங்கானால் அந்தக் குழாயில் உராய்வு இழப்பு பன்னிரண்டு மடங்கோடு நிற்காது, ஏறக்குறைய 144 மடங்காகும். குழாயைத் தாராளமாகப் போடாதவன் உச்சி வேளையில் பேரரசர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டியதுதான். மின்சாரம் கிடையாது. இரும்புக் குழாயை ஆர்டர் கொடுத்து வாங்கும் காலமும் இல்லை. இதையெல்லாம் அந்தத் துறவி கணக்குப் போட்டு, அரண்மனைக் கைவினைஞர்களை வைத்துச் செய்து, ஓடவும் விட்டார்.

மாளிகையின் பின்பகுதியில் உயரமான மேடை கட்டி அதன்மேல் தொட்டி அமைத்தார்கள். கசியாமல் இருக்க உள்ளே வெள்ளீயத் தகடு பதித்தார்கள். அதனால் வெள்ளீயக் கடல் என்றே அதற்குப் பெயர் வந்தது. கீழிருந்து தண்ணீரை அந்த உயரத்துக்கு ஏற்ற ஒரு இயந்திரத்தையும் பெனுவா வடிவமைத்தார். பக்கத்திலேயே இன்னும் பெரிய நீரூற்று ஒன்றும் இருந்தது. நடுவில் வெண்கல மான், அதைச் சூழ்ந்து வேட்டை நாய்கள், எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர்.

பெனுவா 1774-இல் இறந்தார். அதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் பாதித்த பகுதி. இயந்திரம் பழுதானது. சரிசெய்யத் தெரிந்தவர் இல்லை. பெய்ஜிங்கில் இருந்த ஏசு சபைப் பாதிரியார் ஒருவர் 1780-களில் எழுதிய கடிதம் நிலைமையைச் சொல்கிறது. பேரரசர் அந்தப் பக்கம் வரப்போகிறார் என்றால் சில நாள் முன்பே ஏராளமான ஆட்கள் தண்ணீர் சுமந்து தொட்டிகளை நிரப்புவார்களாம்.

முதுகுளத்தூர் பக்கம் ஒரு நீரேற்று நிலையத்தில் வயதான ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். மோட்டார் அறைக்குள் போகாமலே, வெளியில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தபடி சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். "நேத்துலேர்ந்து இருமுது மேடம், ஃபுட் வால்வுல ஏதோ அடைச்சிருக்கு" என்பார். திறந்து பார்த்தால் அடைத்திருக்கும். அவர் ஓய்வு பெற்ற பிறகு அதே மோட்டார் அடிக்கடி எரிந்தது. புதிதாக வந்தவர் சோம்பேறி அல்ல, அந்தக் காது அவருக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். நம் ஊர்ப் பூங்காக்களில் விழா எடுத்துத் திறக்கும் செயற்கை நீரூற்றுகள் அடுத்த கோடைக்குள் காய்ந்து குப்பை சேரும் தொட்டிகளாவதற்கும் இதே காரணம்தான். கட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறோம், தெரிந்த ஆளைக் கூடவே வைத்துக்கொள்வதற்கு ஒதுக்குவதில்லை. பெனுவா போனதும் பேரரசரின் நீரூற்றுக்கே அந்தக் கதி நேர்ந்தது.

சுமந்தவர்களின் கணக்கையும் போட்டுப் பார்க்கிறேன். ஒரு விலங்கின் வாயிலிருந்து வினாடிக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் ஐந்து நாழிகைக்கு 7,200 லிட்டர். பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தில் 480 குடம். பன்னிரண்டு பொழுதுக்கும் சேர்த்தால் 5,760 குடம். உச்சி வேளைக் கூட்டுப் பீய்ச்சல் இதற்கு மேல். இது என் அனுமானக் கணக்குதான். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தாலும் ஆயிரக்கணக்கான குடங்கள் அந்த மேட்டுக்கு ஏறியாக வேண்டும். அரசர் ஒருவர் நடந்து போகும்போது பார்ப்பதற்காக. தலைகளை வடித்தவர்களின் திறமையைப் பலகையில் எழுதுகிறோம். குதிரையின் பிடரியும் புலியின் முக மயிரும் இழை இழையாகத் தெரியும்படி வேலை செய்திருக்கிறார்கள், எழுத வேண்டியதுதான். மேட்டுக்குத் தண்ணீர் சுமந்தவர்களையும் அதே பலகையில் எழுத வேண்டும் என்கிறேன். அவர்கள் இல்லாத ஆண்டுகளில் அந்த வாய்கள் வெறும் ஓட்டைகளாகத்தான் இருந்திருக்கும்.

1860-க்கு வருவோம். இரண்டாம் அபினிப் போர். அக்டோபர் மாதம் பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் யுவான்மிங்யுவானுக்குள் புகுந்து கொள்ளையடித்தன. பிரிட்டிஷ் தரப்பு கொள்ளைப் பொருட்களை ஏலம் விட்டுப் பணத்தைப் படையினருக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தது. பேச்சுவார்த்தைக்குப் போன தூதுக்குழுவினர் சிறைபிடிக்கப்பட்டுச் சித்திரவதையில் இறந்ததற்குப் பழிவாங்கவென்று, அக்டோபர் 18 அன்று அரண்மனையை எரிக்க எல்ஜின் பிரபு உத்தரவிட்டார். அந்தக் குழுவோடு பிடிபட்டு இறந்தவர்களில் இந்தியக் குதிரை வீரர்களும் உண்டு. கிரேக்கத்தின் பார்த்தினான் சிற்பங்களைப் பெயர்த்துக் கொண்டுபோன எல்ஜினின் மகன்தான் இவர். இரண்டே ஆண்டுகளில் இந்தியாவின் வைஸ்ராய் ஆனார். 1863-இல் தர்மசாலாவில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். விக்தோர் ஹ்யூகோ தன் சொந்த நாடான பிரான்சையும் சேர்த்து, இந்தக் காரியத்தைக் கொள்ளை என்றே 1861-இல் எழுதினார்.

தமிழ் வாசகர்கள் இதை யாரோ யாருக்கோ செய்த அநியாயமாக மட்டும் படித்துவிட்டுப் போக முடியாது. அந்தச் சீனப் படையெடுப்பில் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் இருந்தது. மதராஸ் மாகாணத்தில் ஆள் சேர்த்த பொறியியல் படை அது. இன்று பெங்களூரில் இருக்கும் அதன் வாரிசுப் படையின் போர்ப் பெருமைப் பட்டியலில் தாகு கோட்டைகள், பீக்கிங் 1860 ஆகிய இரண்டும் இடம்பெற்றிருக்கின்றன. பாலம் கட்டவும் பாதை போடவும் கோட்டைச் சுவரை உடைக்கவும் தெரிந்த நம் மண்ணின் கைகள் அந்தப் படையோடு பெய்ஜிங் வரை போயின. கூலிக்குப் போன சிப்பாய்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தின் கதையில் நமக்கும் ஒரு வரி உண்டு, அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தீக்குப் பின் தலைகள் சிதறின. நூற்றாண்டுக்கு மேல் கழிந்து ஏலக் கூடங்களில் முகம் காட்டத் தொடங்கின. 2000-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் எருது, குரங்கு, புலி மூன்றையும் பாலி குழுமம் ஏலத்தில் எடுத்தது. பன்றியை மக்காவ் சூதாட்ட விடுதித் தொழிலதிபர் ஸ்டான்லி ஹோ 2003-இல் வாங்கிக் கொடுத்தார். 2007-இல் குதிரையை 6.91 கோடி ஹாங்காங் டாலருக்கு வாங்கி, 2019-இல் அதையும் சீனாவுக்கு அளித்தார். மறு ஆண்டு அது யுவான்மிங்யுவானுக்கே திரும்பியது. எலியும் முயலும் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரானும் அவருடைய துணைவர் பியேர் பெர்ஜேயும் சேர்த்த தொகுப்பில் இருந்தன. 2009 பிப்ரவரியில் பாரிஸில் ஏலத்துக்கு வந்தன. தடுக்கச் சொல்லிச் சீன வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கைப் பாரிஸ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. தலைக்கு 1.57 கோடி யூரோ. தொலைபேசி வழியாக ஏலம் கேட்டு வென்றவர் சாய் மிங்சாவ் என்ற சீனர். பணம் கட்ட மாட்டேன், இது கொள்ளைப் பொருள் என்று அறிவித்தார். கடைசியில் அந்த ஏல நிறுவனத்தின் உரிமையாளர் குடும்பத் தலைவர் பிரான்சுவா பினோ 2013-இல் இரண்டையும் சீனாவுக்கே நன்கொடையாகக் கொடுத்தார்.

இதில் பெர்ஜே சொன்ன ஒரு பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. சீனா தன் மக்களுக்கு மனித உரிமையும் திபெத்துக்குச் சுதந்திரமும் கொடுத்தால் தலைகளைத் தருகிறேன் என்றார். மனித உரிமைக் கோரிக்கை நியாயமானது, அதைத் தனியாகக் கேட்கலாம். ஒரு வீட்டிலிருந்து களவு போன பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்காரரின் நடத்தை திருந்தினால் தருவேன் என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை கிடையாது. சாய் மிங்சாவ் பொய்யாக ஏலம் கேட்டதையும் நான் கொண்டாட மாட்டேன். ஆனால் அந்தப் பொருளுக்கு விலை என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்று அவர் சொன்ன இடத்தில் நியாயம் இருக்கிறது.

விலைதான் இந்தத் தலைகளுக்கு நேர்ந்த இரண்டாவது கேடு. ஒவ்வொரு ஏலத்திலும் தொகை ஏற ஏற, தலை தனிப் பொக்கிஷமாகிவிட்டது. உடல் கல், அது போயிற்று. குழாய் போயிற்று. தொட்டியைப் பற்றிப் பேச யாருமில்லை. வாங்கியவருக்கும், கொடுத்தவருக்கும், பெற்றுக்கொண்டவருக்கும் தலையே போதுமானதாக இருந்தது. கண்ணாடிப் பேழையும் குவிந்த விளக்கும் ஒரு மகுடத்துக்குப் பொருந்தும். நீரூற்றின் வாய்க்கு அவை போதாது.

ஓவியரும் சிற்பியுமான ஐ வெய்வெய் வேறொரு கேள்வி எழுப்பினார். இத்தாலியர் வடிவமைத்து, பிரெஞ்சுக்காரர் தண்ணீர் கொடுத்து, மஞ்சு இனப் பேரரசரின் பொழுதுபோக்குக்காகச் செய்த இந்தத் தலைகளைச் சீன தேசத்தின் பொக்கிஷம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்றார். தானே பன்னிரண்டு பெரிய வெண்கலத் தலைகளைச் செய்தார். ஏழுக்கு மாதிரி இருந்தது, காணாமல்போன ஐந்தையும் கற்பனையில் வடித்தார். 2011 மே மாதம் நியூயார்க்கில் புலிட்ஸர் நீரூற்றைச் சுற்றி அவை நிறுத்தப்பட்டபோது அவர் சீனக் காவலில் இருந்தார். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர் தேச வெறியைக் கேள்வி கேட்டது சரி. ஆனாலும் அந்தத் தலைகள் எந்த இனத்துக்குச் சொந்தம் என்பது என் கேள்வி அல்ல. ஒரு நீரூற்று அதன் தொட்டிக்கும் குழாய்க்கும் குளத்துக்கும் சொந்தம். மிலான்காரர் வரைந்தார், திஜோன்காரர் கணக்குப் போட்டார், பெய்ஜிங் கைவினைஞர்கள் வார்த்தார்கள், பெய்ஜிங் ஆட்கள் தண்ணீர் சுமந்தார்கள். எல்லோருடைய உழைப்பும் கூடிய இடம் அந்த ஹய்யன்தாங் குளம்.

மகள் வேலை நிமித்தம் பெய்ஜிங்கில் இருந்தபோது அந்தத் தோட்டத்துக்குப் போனேன். கோயில் கட்டடத்தில் குதிரையைப் பார்த்தேன். பிடரி மயிர் நெற்றியில் விழுந்திருக்கும் விதம், சற்றே திறந்த வாய், அந்த உலோகத்தின் நிறம் எல்லாம் இன்னும் கண்ணில் இருக்கின்றன. பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன் தன் வாயைக் குவித்துத் தண்ணீர் துப்புவது போல் செய்து காட்டினான். அவன் பாட்டி சிரித்தார். அந்தப் பையனுக்கு இது என்ன பொருள் என்று சரியாகப் புரிந்திருந்தது. அங்கிருந்து ஐரோப்பிய மாளிகைகளின் இடிபாட்டுக்கு நல்ல நடை தூரம். கூட்டமெல்லாம் பெரிய நீரூற்றின் உடைந்த தூண்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஹய்யன்தாங் பக்கம் பெரிய கல் சிப்பி ஒன்று கிடக்கிறது. அதன் பின்னால் தொட்டி இருந்த மேடு இன்னும் மேடாகவே இருக்கிறது. நான் அந்த மேட்டின் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டு நெடுநேரம் நின்றேன். "இங்கே என்னம்மா இருக்கு?" என்றாள் மகள். எல்லாமே இங்கேதான் இருக்கிறது என்றேன். பெனுவாவின் கணக்கு முழுவதும் அந்த உயரத்தில் இருக்கிறது.

இடிபாட்டை இடிபாடாகவே விட வேண்டும் என்று சீனாவில் பலர் வாதிடுகிறார்கள். எரித்தவர்கள் செய்ததற்குச் சாட்சி அந்தக் கற்கள்தான், புதுப்பித்தால் சாட்சி அழிந்துவிடும் என்கிறார்கள். நான் அவர்கள் பக்கம். மாளிகையை மறுபடி கட்டக் கூடாது. ஜெஜியாங் மாகாணத்தில் ஹெங்தியன் என்ற திரைப்பட நகரத்தில் முழுத் தோட்டத்துக்கும் நகல் கட்டி 2015-இல் திறந்தார்கள். அது படப்பிடிப்புக்கும் சுற்றுலாவுக்கும் ஆகும். நான் கேட்பது அதுவல்ல. இடிபாட்டைத் தொடாமல், சற்றுத் தள்ளி, அந்த மேடு கண்ணில் படும்படியான ஓர் எளிய கட்டடம். உள்ளே ஏழு அசல் தலைகளும் தத்தம் வரிசையில். வெளியே அதே அளவில் ஒரு குளம், பன்னிரண்டு குழாய். ஏழில் நகல் தலைகள். மீதி ஐந்தில் தலை வேண்டாம், வெறும் குழாய் முனை போதும். தண்ணீர் அதிலிருந்தும் வரட்டும்.

வெண்கலத்தில் தண்ணீர் ஓடவிட்டால் கெட்டுவிடும் என்பது சரியான கவலை. சுண்ணாம்புப் படிவு, பாசி, பனிக்காலத்தில் குழாய்க்குள் உறையும் நீர் எல்லாமே உலோகத்துக்கு எதிரி. அதனால்தான் நகல் என்கிறேன். ஃப்ளாரன்ஸ் நகரம் இதற்கு நல்ல வழி காட்டியிருக்கிறது. லியொனார்தோவின் ஆசானான வெரோக்கியோ, மெதிச்சி குடும்பத்தின் மாளிகைத் தோட்டத்துக்காக, டால்ஃபினை அணைத்தபடி ஒற்றைக் காலில் நிற்கும் இறகுக் குழந்தை ஒன்றைப் பதினைந்தாம் நூற்றாண்டில் வார்த்தார். பிறகு அது பலாஸ்ஸோ வெக்கியோ அரண்மனை முற்றத்து நீரூற்றின் உச்சிக்கு வந்து நூற்றாண்டுகள் நின்றது. 1959-இல் அசலை எடுத்து அதே அரண்மனைக்குள் பாதுகாப்பாக வைத்தார்கள். முற்றத்து நீரூற்றில் நகலை ஏற்றினார்கள். டால்ஃபினின் மூக்கிலிருந்து வரும் தண்ணீரைக் கீழே பார்த்துவிட்டு, மேலே போய் அசலின் வேலைப்பாட்டைக் கிட்டத்தில் பார்க்கலாம். இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால் பார்ப்பவரின் மனதில் ஒட்டிக்கொள்கின்றன. பெய்ஜிங்கில் குதிரையைப் பார்த்தவர் எலியைப் பார்க்க நகரத்தின் நடுவுக்குப் போக வேண்டும், புலிக்கு இன்னோர் இடம்.

பொழுது முறையையும் கைவிடக் கூடாது. ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் ஒன்றாகப் பீய்ச்சும்படி செய்துவிட்டால் அது பூங்கா அலங்காரம் ஆகிவிடும். காலை ஒன்பது மணிக்குப் போகிறவர் பாம்பின் குழாயில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். பதினொரு மணிக்கு அது நின்று குதிரை தொடங்க வேண்டும். சேவலும் நாயும் இல்லாத மாலைப் பொழுதுகளில் வெறும் குழாய் பீய்ச்சும்போது, ஏன் என்று குழந்தைகள் கேட்பார்கள். அப்போது 1860-ஐச் சொல்லலாம். பலகையில் காஸ்திலியோனே பெயரும் பெனுவா பெயரும் இருக்கட்டும். வார்ப்புக்காரர்கள், கல் தச்சர்கள், தொட்டி நிரப்பியவர்கள் ஆகியோரையும் பெயரில்லாவிட்டாலும் தொழில் சொல்லி எழுதுங்கள். மோட்டார் அறையைச் சுவருக்குள் மறைக்காமல் கண்ணாடி வைத்துத் திறந்து காட்டுங்கள். அதை இயக்குபவருக்கு நிரந்தர வேலை கொடுங்கள், அவர் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அடுத்தவரை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இது நடக்கக் கூடிய காரியம். அந்த மாளிகைகளைக் காட்டும் இருபது செப்புத் தகட்டு அச்சுப்படங்கள் 1780-களில் அரசவையிலேயே தயாரானவை. ஹய்யன்தாங் முகப்பில் எந்த உருவம் எங்கே இருந்தது என்று அவற்றில் பார்க்கலாம். தொட்டி மேடு அளவெடுக்கக் காத்திருக்கிறது. தலைகளை வைத்திருக்கும் மூன்று இடங்களில் ஒன்று தேசிய அருங்காட்சியகம், ஒன்று அரசு நிறுவனத்தின் கலைக்கூடம், ஒன்று பொதுத் தோட்டம். இதற்கு ஏலத்தில் கை தூக்க வேண்டியதில்லை, அயல்நாட்டு நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியதில்லை, எந்தக் கோடீஸ்வரரின் நன்கொடைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே அரசாங்கத்தின் மூன்று அலுவலகங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் போதும்.